அஸ்தமனத்திற்குப் பின் 22 நிமிஷங்கள்

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பி, நீரில் பாதி மூழ்கி நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் பறவைகள் குடியேறிய பிறகு, வேடந்தாங்கலில் ஒவ்வொரு நாள் மாலையிலும் ஒரு பெரும் இடமாற்றம் நடைபெறுகிறது. பகல் முழுவதும் சுற்றுப்புறத்து வயல்களிலும் குட்டைகளிலும் இரை தேடித் திரிந்த நத்தைகுத்தி நாரைகளும், கரண்டிவாயன்களும், அரிவாள்மூக்கன்களும், வெண்கொக்குகளும், நீர்க்காகங்களும் அணியணியாகத் திரும்பி வந்து மரங்களில் இறங்குகின்றன. அதே வேளையில், பகலெல்லாம் இலைச் செறிவினுள் கழுத்தை ஒடுக்கி உறங்கிக் கிடந்த வக்கா என்னும் இராக்கொக்குகள் விழித்துக்கொண்டு, ஒற்றைக் குரல் கொடுத்தவாறு இரைக்குப் புறப்படுகின்றன. ஏரி முழுவதும் இவ்வாறு சிறகும் குரலுமாக நிறைந்திருக்கும் அந்த நேரமே, புகைப்படத்துக்கு வேண்டிய ஒளி விடைபெற்றுக்கொள்ளும் நேரமாகவும் இருக்கிறது. இது தற்செயலாக நேர்ந்த இடையூறன்று. ஒளி குறைவதுதான் பகற் பறவைகளுக்கு வீடு திரும்பவும், இரவுப் பறவைகளுக்கு வீடு நீங்கவும் குறிப்பாக அமைகிறது. ஆகையால் காட்சி பெருகப் பெருக ஒளி சிறுத்துக்கொண்டே போவது இயற்கையின் நியதி. அந்த நியதிக்கு உட்பட்டே காமிராக்காரன் தன் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

எவ்வளவு ஒளி, எத்துணை விரைவில் குறைகிறது என்பதை எண்ணில் கூறினால், ஏரிக்கரையில் நின்று கண்ணால் பார்த்தவர்களே நம்பத் தயங்குவார்கள். ஒரு பரப்பின்மீது விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகால் அளப்பது வழக்கம். மேகமற்ற நடுப்பகலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். சூரியன் தொடுவானத்தில் மறையும் தறுவாயில் அது 400 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை சென்று, வான நூலார் அந்தியின் முதற்பகுதி என்று வகுத்திருக்கும் காலம் முடிவுறும்போது, மிச்சமிருப்பது 3 லக்ஸுக்குச் சற்றே அதிகம். நடுப்பகலோடு ஒப்பிட்டால் இது முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும் அந்த வேளையில் ஏரிக்கரையில் நிற்பவர்களுக்கு உலகம் முப்பதாயிரம் மடங்கு இருண்டதாகத் தோன்றுவதில்லை. எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண முடிகிறது, காலடியிலுள்ள கல்லும் தெரிகிறது. கண்ணின் பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 7 மில்லிமீட்டர் வரை விரிந்து ஏறக்குறைய 12 மடங்கு ஒளியைக் கூடுதலாக உள்ளே விடுகிறது என்பது அதற்குச் சிறு காரணமே. பெருங் காரணம், விழித்திரையிலுள்ள ரசாயனப் பொருள்களும் நரம்பமைப்பும் சிறுகச் சிறுகத் தம்மைக் கூர்மைப்படுத்திக்கொள்வதாகும். அரை மணி நேரம் வரை நடக்கும் இந்தத் தகவமைப்பு நமக்குத் தெரியாமலே நடப்பதால், ஒளி போய்விட்டது என்ற செய்தியைக் கண்ணுக்கு முன்னதாகக் காமிராதான் நமக்கு அறிவிக்கிறது.

நம் நாட்டில் இந்த வீழ்ச்சி இன்னும் கடுகியது. வேடந்தாங்கல் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12½ பாகையில் இருக்கிறது. இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையில் சூரியன் சாய்வாகச் சறுக்காமல் ஏறக்குறையச் செங்குத்தாகவே தொடுவானத்துக்குள் இறங்குவதால், மறைந்த கணத்திலிருந்து 6 பாகை ஆழத்தை அடைய அதற்கு 22 நிமிஷங்கள்தாம் பிடிக்கின்றன. லண்டன் நகரில் இதற்குச் சமராத்திரி நாள்களில் 33 நிமிஷமும், ஜூன் மாதக் கோடையில் முக்கால் மணிக்கும் அதிகமும் ஆகும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட புகைப்படக் கையேடுகள், அந்தி நேரத்தில் இடத்தை மாற்றிப் பார், லென்ஸை மாற்றிப் பார், நிதானமாகக் காட்சியை வகுத்துக்கொள் என்று உபதேசிப்பதை நம்பி இங்கே ஏரிக்கரைக்கு வருபவர் ஏமாந்து போவது இதனால்தான். 400 லக்ஸ் 22 நிமிஷத்தில் 3 லக்ஸாகிறது என்றால், சராசரியாக மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை ஒளி பாதியாகிறது என்று பொருள். இதைக் காமிராவின் பாஷையில் சொல்வதானால், லென்ஸின் துவாரத்தை எஃப்/4 என்றும், உணர்வுத் திறனை ஐ.எஸ்.ஓ. 1600 என்றும் நிறுத்தி வைத்துக்கொண்டால், சூரியன் மறையும்போது விநாடியில் 150-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் போதும்; 22 நிமிஷம் கழித்து அதே படத்துக்கு முக்கால் விநாடி தேவைப்படும். விநாடியில் 150-இல் ஒரு பங்கிலேயே பறக்கும் நாரை சற்றுக் கலங்கும். முக்கால் விநாடியில் அது வானத்தில் ஒரு வெண்புகைத் தடமாகவே பதியும்.

ஒளியின் அளவைப்போலவே அதன் வர்ணமும் இந்தச் சிறு பொழுதினுள் மாறிவிடுகிறது. தலைக்கு நேர் மேலிருந்து வரும் கிரணம் கடக்கும் காற்றைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைத் தொடுவானத்திலிருந்து வரும் கிரணம் ஊடுருவி வர வேண்டும். காற்றிலுள்ள மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் மடிக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது என்பதை 1871-இல் ராலே பிரபு கணித முறையில் நிறுவினார். அதன்படி 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளி, 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறுகிறது. நீண்ட வழியில் நீலமெல்லாம் இவ்வாறு உதிர்ந்துபோக, மிஞ்சிய செம்மஞ்சள் மட்டுமே நாரையின் சிறகை வந்தடைகிறது. வெண்ணிறப் பறவைகள் எல்லாம் பொன்னிறமாவது இந்தக் கழித்தலின் விளைவு.

இங்கே பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. வானில் தூசியும் புகையும் மிகுந்திருந்தால்தான் அஸ்தமனம் அழகாகச் சிவக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. தாழ்ந்த காற்றடுக்குகளில் மிதக்கும் தூசித் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியனவாக இருப்பதால், எல்லா வர்ணங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடித்து வானத்தை வெளிறச் செய்கின்றன. சூரியன் தொடுவானத்தை எட்டுவதற்கு முன்னரே சாம்பல் மூட்டத்துக்குள் மங்கிப்போகிறது. மழை பெய்து காற்றைக் கழுவிவிட்டுச் சென்ற மறுநாள் மாலையில்தான் வர்ணங்கள் தெளிந்து ஒளிர்கின்றன. ஏரியை நிரப்புவதும், பறவைகளை வரவழைப்பதும், அந்திவானைத் துலக்குவதும் ஒரே பருவமழையாக இருப்பது தொண்டை மண்டலத்துப் புகைப்படக்காரர்களுக்குக் கிடைத்த பெரும் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். எரிமலைகளின் கதை மட்டும் வேறு. 1883-இல் கிரகடோவா வெடித்தபோது வாயுமண்டலத்தின் மேலடுக்குக்கு ஏறிய மிக நுண்ணிய துகள்கள் பல மாத காலம் உலகெங்கும் அந்தியைச் சிவக்கச் செய்தன; லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்னும் ஓவியர், காமிராவால் அந்நாளில் பிடிக்க முடியாத அந்த வர்ணங்களை நாள்தோறும் விரைவு விரைவாக வண்ணக்கோல்களால் தீட்டி வைத்தார்.

சூரியன் மறைந்த சில நிமிஷங்களில் பொன் அடங்கி நீலம் மேலோங்குகிறது. இந்த நீலமும் பகல் நீலமும் ஒரே காரணத்தால் உண்டாவன என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 1953-இல் ஹல்பர்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி கணக்கிட்டுப் பார்த்தபோது, மூலக்கூறுகளின் சிதறல் மாத்திரமே காரணமாக இருந்தால் அந்தி நேரத்தில் உச்சிவானம் சாம்பல் கலந்த மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று தெரியவந்தது. அவ்வாறில்லாமல் அது ஆழ்ந்த நீலமாக இருப்பதற்குக் காரணம், மேலடுக்கிலுள்ள ஓசோன் வாயு, அதனூடே நீண்ட சாய்வழியில் வரும் ஒளியிலிருந்து மஞ்சளையும் செம்மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்வதாகும். நண்பகலில் ஒளி ஓசோன் அடுக்கைக் குறுக்கே விரைந்து கடந்துவிடுவதால் இந்த உறிஞ்சல் கணிசமாக இருப்பதில்லை. எனவே படத்தில் பதியும் அந்தி நீலம் பகல் நீலத்தின் மங்கிய சாயலன்று, பிறப்பாலேயே வேறானது. இதே நிமிஷங்களில் மேற்கையே நோக்கிக்கொண்டிருக்கும் கூட்டத்தினர் ஒரு முறை கிழக்கே திரும்பிப் பார்ப்பார்களாயின், தொடுவானத்தை ஒட்டிக் கருநீலப் பட்டை ஒன்று எழுவதையும் அதன்மேல் ரோஜா நிறப் பட்டை ஒன்று படர்ந்திருப்பதையும் காணலாம். கீழ்ப்பட்டை, பூமி தன் வாயுமண்டலத்தின்மீதே வீழ்த்தும் தன் நிழல். இத்துணைப் பெரிய நிழலை வேறெங்கும் படமெடுக்க இயலாது. ஆயினும் அதனை எடுப்பவர் மிகச் சிலர்.

நம் இலக்கண நூலார் நெய்தலுக்கு எற்பாட்டையும் முல்லைக்கு மாலையையும் தனித்தனிச் சிறுபொழுதாக வகுத்தது, சாயும் வெயிலும் வெயில் போன பின்னுள்ள ஒளியும் வெவ்வேறு உலகங்கள் என்பதை உணர்ந்து செய்த பாகுபாடாகவே எனக்குப் படுகிறது. முதலாவதில் கண்ணும் காமிராவும் ஏறக்குறைய ஒன்றையே காண்கின்றன. இரண்டாவதில் அவை பிரிந்துவிடுகின்றன. விழித்திரையில் வர்ணத்தை அறியும் கூம்புச் செல்கள் ஏறத்தாழ 60 லட்சமும், மங்கலொளியில் வேலை செய்யும் கோல் செல்கள் 12 கோடியளவும் இருக்கின்றன. ஒளி குறையக் குறையக் கூம்புகள் ஓய்ந்து கோல்கள் பொறுப்பேற்கின்றன. பகலில் நம் பார்வை 555 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சை மஞ்சளில் மிகக் கூர்மையாக இருக்க, இருளில் அந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலப் பச்சைக்கு நகர்ந்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கினியே, விடியலில் செந்நிற மலர்கள் கருத்தும் நீலமலர்கள் வெளுத்தும் தோன்றுவதைக் கவனித்து இதனை முதலில் எடுத்துரைத்தார். மஞ்சள்மூக்கு நாரையின் முதுகிலுள்ள ரோஜா நிற இறகுகள் அந்தியில் நம் கண்ணுக்குச் சாம்பலாகிவிடுவதும் இதனாலேயே. காமிராவுக்கோ இந்த மாற்றம் கிடையாது. அது போதிய நேரம் திறந்திருந்தால், நமக்கு வர்ணமே தெரியாத வெளிச்சத்தில்கூட அந்த ரோஜா நிறத்தை அப்படியே பதித்துக்கொள்ளும். கண் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் ஒளியைச் சேர்த்து வைக்க மாட்டாது. காமிராவோ நாம் அனுமதிக்கும் வரை சேர்த்துக்கொண்டேயிருக்கும்.

அப்படியானால் ஷட்டரை விரைவாக மூடிக்கொண்டு, உணர்வுத் திறனைமட்டும் வேண்டிய அளவு ஏற்றிக்கொண்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. ஐ.எஸ்.ஓ. 1600-க்குப் பதிலாக 12,800 என்று வைத்தால் ஷட்டர் நேரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். படமும் வெளிச்சமாகத்தான் வரும். ஆனால் அதை உருப்பெருக்கிப் பார்த்தால் நாரையின் சிறகெங்கும் பொரிபொரியாகப் புள்ளிகள் தோன்றுகின்றன. இதைக் காமிராவின் குறையென்று கருதி, அடுத்த ஆண்டு இன்னும் விலையுயர்ந்த காமிரா வாங்குவோர் பலர். புதிய காமிராக்கள் சற்று மேம்பட்டவை என்பதில் ஐயமில்லை. எனினும் அப்புள்ளிகளின் பெரும்பகுதி காமிராவில் பிறந்ததன்று, ஒளியிலேயே இருப்பது.

ஒளி இடையறாத நீரோட்டம்போல் தோன்றினாலும், அது போட்டான்கள் என்னும் தனித்தனிக் கூறுகளாகவே வருகிறது என்ற கருத்தை 1905-இல் ஐன்ஸ்டீன் வெளியிட்டார். முற்றத்தில் ஒரே அளவான படிகளை வரிசையாக வைத்துவிட்டுத் தூறலில் சில கணம் நனையவிட்டால், ஒரு படியில் மூன்று துளியும் அடுத்ததில் ஏழு துளியும் மற்றொன்றில் ஐந்து துளியும் இருக்கும்; பெருமழையில் நெடுநேரம் விட்டாலோ எல்லாப் படியிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். காமிராவின் சென்ஸாரிலுள்ள நுண்கட்டங்களும் அத்தகையவையே. ஒரு கட்டத்தில் சராசரியாக 10,000 போட்டான்கள் விழும்போது கட்டத்துக்குக் கட்டம் ஏற்படும் வேறுபாடு, அதன் வர்க்கமூலமாகிய 100 அளவில், அதாவது நூற்றுக்கு 1 பங்காக இருக்கும். கண்ணுக்கு அது புலனாகாது. அதே கட்டத்தில் 100 போட்டான்கள் மட்டுமே விழுந்தால் வேறுபாடு 10, அதாவது நூற்றுக்கு 10 பங்கு. படம் பொரிந்து தோன்ற இது போதும். பிரெஞ்சு கணித மேதை புவாசோன் பெயரால் வழங்கும் நிகழ்தகவு விதியின் நேர் விளைவாகிய இதை எந்தத் தொழிற்சாலையாலும் மாற்றியமைக்க முடியாது. ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றுவதால் ஒரு போட்டான்கூட அதிகமாக வருவதில்லை. வந்த சொற்பத்தையே பெருக்கிக் காட்டுகிறோம், அதனுடன் அதன் ஏற்றத்தாழ்வும் பெருகுகிறது. ஏராளமான ஒளியில் மறைந்திருக்கும் ஒளியின் துகள் இயல்பு, பஞ்ச காலத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. அந்திப் படத்தில் நாம் காணும் புள்ளிகள், பௌதிகத்தின் ஆதாரமான உண்மை ஒன்று கண்ணெதிரே தோன்றிய தோற்றம் என்று அறிந்த பிறகு அவற்றின்மீது எனக்கு வெறுப்பு எழுவதில்லை.

ஆகவே அதிக ஒளியைப் பெற உண்மையில் இருக்கும் வழிகள் இரண்டே: லென்ஸின் வாயை அகலமாக்குவது, அல்லது நேரத்தை நீட்டுவது. முதல் வழிக்கு எல்லை விரைவில் வந்துவிடுகிறது. 400 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்ஸ் எஃப்/2.8 அளவுக்குத் திறக்க வேண்டுமாயின் அதன் துவாரம் மட்டும் 14 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும். அதன் எடையும் விலையும் சாமானியரின் சக்திக்கு அப்பாற்பட்டவை. ஒளியைப் பிடிக்கும் பரப்பின் திறமையில் மட்டும் மனிதன் கண்ட முன்னேற்றம் பெரிது. 1935-இல் விற்பனைக்கு வந்த கோடக்ரோம் வர்ணப் பிலிமின் வேகம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 10 மட்டுமே; அதைக் கொண்டு அந்தியில் பறவையைப் பிடிப்பது ஆகாத காரியம். பிலிமுக்கு வேறொரு குறையும் இருந்தது. வெள்ளி உப்பின் ஒரு மணியில் நிலையான உருவம் பதிய, சில போட்டான்கள் அடுத்தடுத்து வந்து சேர வேண்டும். ஒளி மிக மெலிந்து அவை நெடிய இடைவெளி விட்டு வந்தால், முன்னது செய்த வேலை பின்னது வருமுன் அழிந்துவிடுகிறது. வானியலறிஞர் ஷ்வார்ட்ஸ்சில்ட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்து விளக்கிய இந்த விளைவால், நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் பதிவு இரட்டிக்காது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் சிந்தித்து உருவாக்கிய சி.சி.டி. என்னும் மின்னணு உணர்கருவியிலும், அதன் வழிவந்த இன்றைய சென்ஸார்களிலும் இந்தக் குறை இல்லை. பிலிம் நூற்றில் ஓரிரண்டு போட்டான்களையே பயன்படுத்திக்கொண்டிருக்க, இவை பாதிக்கு மேற்பட்டவற்றைக் கணக்கில் சேர்க்கின்றன. பாதிக்கு மேல் எட்டிவிட்ட பின்னர், இனி எத்தகைய சென்ஸார் வந்தாலும் இரு மடங்குக்கு மேல் லாபம் இராது என்பதையும் இதனின்று அறியலாம்.

மிஞ்சுவது காலம். நிலக்காட்சிக்குக் காலத்தைத் தாராளமாகச் செலவிடலாம். உயிருள்ள பிராணிக்கு எப்படிச் செலவிடுவது? விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் நாரை, விநாடியின் 150-இல் ஒரு பங்கில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். உருவம் குழம்ப இது போதும். ஆனால் எந்தப் பறவையும் எப்பொழுதும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. அதன் வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு, அசைவினூடே அசைவின்மை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும். மரத்தில் இறங்க வரும் நத்தைகுத்தி நாரை, கால்களைத் தொங்கவிட்டு, இறக்கைகளைக் காற்றுக்கு எதிராக முழுமையாக விரித்து, கிளையைத் தொடுவதற்கு முன் ஒரு நொடி ஏறக்குறைய நின்றேவிடுகிறது. பறவைகள் காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே அன்றைய காற்றின் திசையை அறிந்தவருக்கு, அவை எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கும் என்பது முன்கூட்டியே விளங்கிவிடும். இராக்கொக்கு புறப்படுமுன் இலைச் செறிவை விட்டுக் கிளையின் நுனிக்கு நடந்து வந்து, சுற்றுமுற்றும் நோக்கியபடி சிலை போல் நிற்கும் வழக்கமுடையது. அந்த நிலையில் கால் விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தாலும் அதன் சிவந்த விழி கூர்மையாகப் பதியும். நேரே நம்மை நோக்கிப் பறந்து வரும் பறவை, குறுக்கே செல்வதைவிடப் படத்தில் மிகக் குறைவாகவே இடம் பெயர்கிறது. குறுக்கே பறப்பதை எடுத்தே தீர வேண்டுமென்றால், அதன் வேகத்துக்குச் சமமாகக் காமிராவைத் திருப்பிக்கொண்டே எடுக்கலாம். தலையும் உடலும் தெளிவாக நிற்க, சிறகுகள் மட்டும் வீச்சாகக் கலங்கும், பின்புலம் கோடுகளாக ஓடும். இதை ஒரு குறையாக நான் கொள்ளவில்லை. பறத்தல் என்ற தொழில் படத்தில் தெரிவது அப்படித்தான்.

இவ்வாறு பிராணியின் பழக்கத்தைப் பற்றிய அறிவு, ஒளிக்கு ஈடாக நின்று உதவுகிறது. விநாடியின் 1000-இல் ஒரு பங்கு தேவைப்படும் இடத்தில் நான்கில் ஒரு பங்கு போதுமானது என்று ஆகும்போது, 250 மடங்கு ஒளி கிடைத்தாற்போலாகிறது. எந்த லென்ஸும் எந்தச் சென்ஸாரும் இதற்கு அருகிலும் வர மாட்டா. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும் நம் நாட்டின் தலைசிறந்த இயற்கை நோக்கர்களுள் ஒருவருமான மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளைப் பிலிமையே விரும்பிக் கையாண்டு, கானகத்து மங்கிய நிழல்களில் யானைகளையும் காட்டெருமைகளையும் எடுத்த படங்களைப் பார்க்கும்போது, அவற்றின் பின்னால் நிற்பது முதலில் பிராணியை அறிந்த அறிவு, இரண்டாவதாகத்தான் கருவி என்பது எவருக்கும் புலனாகும்.

ஒளி போதாவிட்டால் செயற்கை ஒளியைப் பாய்ச்சினால் என்ன என்ற யோசனை மிகப் பழையது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் இரவில் படகிலிருந்து பளிச்சொளி பாய்ச்சி மான்களை எடுத்த படங்கள் 1906-இல் நேஷனல் ஜியோகிராபிக் பத்திரிகையில் வெளிவந்து உலகை வியக்க வைத்தன. வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த சாம்பியன், புலி நடந்து வரும் தடத்தில் கம்பியைக் கட்டி, அதன் கால் பட்டவுடன் பளிச்சொளியும் ஷட்டரும் ஒருங்கே இயங்குமாறு செய்து எடுத்த படங்களை 1927-இல் புத்தகமாகவே வெளியிட்டார். துப்பாக்கிக்குப் பதில் காமிராவைப் பிடிக்கப் பலரைத் தூண்டிய வகையில் அப்பணி போற்றத்தக்கதே. ஆயினும் வேடந்தாங்கல் போன்ற இடத்தில் அம்முறைக்கு இடமே இல்லை என்று உறுதியாகக் கூறுவேன். முதலாவது, பயனில்லை: 10 மீட்டர் தொலைவில் கிடைக்கும் பளிச்சொளி 60 மீட்டரில் 36-இல் ஒரு பங்காகிவிடும். இரண்டாவது, தீங்கு: அந்திக்கு ஏற்பக் கூர்மையாகிய விழியின் நிறமி, பலத்த ஒளி பட்டவுடன் வெளிறிப் போய் மீண்டும் கூர்மை பெறச் சில நிமிஷங்கள் ஆகும், இறங்கும் பறவைக்கோ, இரை தேடப் புறப்படும் பறவைக்கோ அந்தச் சில நிமிஷம் குருடாவது எத்தகைய கேடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டமாக மிரண்டு எழும்பினால் முட்டைகளும் குஞ்சுகளும் நீரில் விழும். அந்த ஊர் மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஏரிப் பறவைகளைச் சோல்ஜர்கள் சுடுவதைத் தடுக்க வேண்டுமென்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றவர்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையும் பறவைகளுக்காக விட்டவர்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்து அவர்கள் காத்துவந்த அமைதியை, ஒரு படத்துக்காகக் குலைக்க எவருக்கும் அதிகாரமில்லை.

பறவைகள் அடங்கிய பின்னர் நிலக்காட்சிக்குரிய நிமிஷங்கள் தொடங்குகின்றன. இப்பொழுது கரையும் மரங்களும் கருத்துவிட, நீர்ப்பரப்பு மட்டும் ஒளிர்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். நேர் கீழே குனிந்து நோக்கினால் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கையே திருப்பி அனுப்புகிறது. 10 பாகைச் சாய்வில் நோக்கினால் மூன்றில் ஒரு பங்கையும், 5 பாகையில் பாதிக்கு மேலும் திருப்புகிறது. ஆகையால் காமிராவை எவ்வளவு தாழ்வாக வைக்கிறோமோ அவ்வளவுக்கு ஏரி வானத்தின் இரண்டாம் பிரதியாகிறது. உயர்ந்த மேடையிலிருந்து எடுத்த படத்தில் ஏரி கரிய குழியாகத் தெரிவதும், கரையில் மண்டியிட்டு எடுத்த படத்தில் அதே ஏரி நீலமாக விரிவதும் இதன் பயனே. பகலில் பிரதிபலிப்பை அகற்றுவதற்குப் பலரும் மாட்டும் போலரைசர் வடிகண்ணாடியை இவ்வேளையில் கழற்றிவிட வேண்டும். அது வரும் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்குவதோடு, நீரின் பிரதிபலிப்பாகிய ஒரே செல்வத்தையும் துடைத்துவிடும். 1921-இல் மத்தியதரைக்கடலில் கப்பற் பயணம் செய்த சி. வி. ராமன், அத்தகைய குணமுடைய நிக்கோல் பட்டகத்தின் வழியாகவே கடலை நோக்கி, வானத்தின் பிரதிபலிப்பை அகற்றிய பின்னரும் நீலம் எஞ்சியிருப்பதைக் கண்டு, கடல் நீலம் வானத்திடம் கடன் வாங்கியதன்று என்று நிறுவினார். நம் ஏரி நீலமோ, அந்தியில், பெரும்பாலும் கடன் வாங்கியதே. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நம்மிடம் சேறு மட்டுமே மிஞ்சும்.

இனி ஒரு செய்தி. காமிராவின் ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமாகவே இருக்கும் என்று எண்ணி அளக்கும்படி அமைக்கப்பட்டது. அந்தியைக் காட்டினாலும் அதனை நடுத்தர வெளிச்சத்துக்கு உயர்த்திவிடும். முக்காலியின்மேல் பல விநாடிகள் திறந்து வைத்தால் மாலை நேரத்துப் படம் மூன்று மணி வெயிலில் எடுத்ததுபோல் வந்து நிற்கும். நிறச் சமன்பாட்டைத் தானியங்கியாக விட்டாலும் இதே கேடுதான்: ஆகாயத்தின் நீலத்தை ஒரு பிழையென்று கருதி அது திருத்திவிடும். காமிரா கண்ணைவிட அதிகம் காண வல்லது என்பதற்காக, அது காண்பதையெல்லாம் காட்ட வேண்டிய கட்டாயமில்லை; மாலையைப் படமெடுத்தவர் மாலையையே காட்டக் கடமைப்பட்டவர் என்பது என் துணிபு. எனவே நிறச் சமன்பாட்டைப் பகலொளிக்கென நிலைநிறுத்திவிட்டு, ஒளிமானி சொல்வதைவிட ஒன்று அல்லது இரண்டு படி குறைத்து எடுப்பதே முறை. ஒரு படி என்பது பாதி ஒளி; மூன்று நிமிஷத்துக்கு ஒரு படி வெளியே தானாகவே குறைந்துகொண்டிருப்பதால், அளவை அடிக்கடி திருத்திக்கொள்ளவும் வேண்டும். ஷட்டர் நேரம் 30 விநாடியை எட்டும்போது விண்மீன்கள் தோன்றியிருக்கும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அதற்குமேல் திறந்தால் அவை புள்ளியாக நில்லாமல் கோடாக நீளும். அது அந்திப் படமன்று, இராப் படம். அதன் முறைகள் வேறு.